கைமாறிய கதைகள்: என் கொப்பி இதுவரை

கொழும்பு தேசிய நூதனசாலைக்குப் போகும்போதெல்லாம் ஒரு பொருளைக் கொப்பியில் வரைந்து, அது யார் யாரிடம் இருந்தது என்று கீழே எழுதி வருகிறேன். அன்பளிப்புக்குப் பச்சைக் கோடு, பறித்துப் போனதற்குச் சிவப்பு, தெரியாத காலத்துக்குப் புள்ளிக்கோடு.

சுலபமாக முடிந்தது கண்டிச் சிம்மாசனம். ஒல்லாந்தத் தேசாதிபதி தோமஸ் வான் ரே 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் இரண்டாம் விமலதர்மசூரியனுக்குக் கொடுத்தது, பச்சை. 1815இல் ஆங்கிலேயர் கொண்டுபோனது, சிவப்பு. 1934இல் திரும்பி வந்ததே, அதற்கு என்ன நிறம்? பச்சை போட மனம் வரவில்லை. நம் பொருளை நமக்கே தருவது அன்பளிப்பா என்ன! நீலம் போட்டேன். கண்டிப் பிரதானி லெவ்கே திசாவையின் பீரங்கிக்கும் அதே நீலம்தான். 1765 படையெடுப்பில் கண்டியிலிருந்து ஒல்லாந்தர் எடுத்துப்போன பீரங்கி, 2023 டிசம்பரில்தான் ஆம்ஸ்டர்டாமிலிருந்து திரும்பியது.

காலி மும்மொழிக் கல்வெட்டுக்கு வந்தபோது கோடுகள் மட்டும் போதவில்லை. சீனத் தளபதி செங் ஹ கொண்டுவந்த கல் அது. 1409ஆம் ஆண்டுத் திகதி பொறித்தது. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தேனாவரை நாயனார் என்ற தெய்வத்துக்கும் காணிக்கைப் பட்டியல்; மூன்றாவது பாரசீகம். 1911இல் காலியில் கண்டெடுத்தபோது அது ஒரு மதகின் மூடுகல்லாக இருந்தது! யாருடையது என்பதோடு எதற்கு உதவியது என்றும் எழுதத்தான் வேண்டும். சரி, 'பயன்' என்று ஒரு பத்தி சேர்த்தேன்.

அந்தப் பத்தி நிறைந்து வழிந்தது பொலன்னறுவைச் சிவன் கோயில்களில் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த வெண்கலத் திருமேனிகளுக்கு. அபிஷேகம், அலங்காரம், வீதியுலா. கண்ணாடிக்குப் பின்னால் நின்று நாம் வியக்கிற இடையின் வளைவு அன்று பட்டுக்கும் மாலைக்கும் உள்ளே மறைந்திருக்கும். கும்பிட வந்தவர்கள் பார்த்தது பெரும்பாலும் முகத்தைத்தான். உடையவர் என்ற இடத்தில் சுவாமியையே எழுதினேன். கோயில் சொத்துக்கு அதுதானே முறை.

இப்போது வெள்ளவத்தை வீட்டிலுள்ள பித்தளை வெற்றிலைத் தட்டத்தில் நிற்கிறேன். அம்மம்மாவிடமிருந்து அம்மாவுக்குச் சீதனமாக வந்தது. யாழ்ப்பாணத்து வழக்கச் சட்டமான தேசவழமையில் சீதனம் தாயிடமிருந்து மகளுக்குப் போகும் என்பதால் பெண்வழியாகவே தேடினேன். ஆனால் விளிம்பில் புள்ளிபுள்ளியாக வெட்டிய தலைப்பெழுத்து எங்கள் ஆட்கள் ஒருவருக்கும் பொருந்தவில்லை. பெரியம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன்.

"அது ஈட்டுக்கு வந்த தட்டம் பிள்ளை, ஆக்கள் மீட்கேல்ல" என்றார்.

மீட்காத ஈட்டுக்கு என்ன நிறம் போடுவது என்று இன்னும் முடிவாகவில்லை.