சொல்தா வீட்டு ஜன்னல்

தாத்தா வீட்டுத் தெரு ஜன்னலைச் சரி பண்ணப் போன வாரம் ஆசாரி வந்திருந்தார். புதுச்சேரி உப்புக்காற்றில் கொண்டி துருவேறி, கீழ்ச்சட்டம் விரலால் அழுத்தினாலே உதிர்ந்தது. நடுவில் போனில் யாருக்கோ வழி சொன்னார்: "கோயில் தாண்டி வாப்பா, அந்தச் சொல்தா வீடு."

சொல்தா என்றால் பிரெஞ்சில் சிப்பாய். தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். அவர் போய் இருபது வருடமாகிறது. நாங்கள் பிறந்ததும் இங்கே, பேசுவதும் தமிழ்தான். ஆனாலும் சின்ன வயதில் என்னைப் 'பிரெஞ்சுக்காரி' என்றுதான் கூப்பிடுவார்கள். அழுதுகொண்டே வீட்டுக்கு வருவேன்.

அதனால்தானோ என்னவோ, ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளைப் பற்றிப் படிக்கும்போது மனசு அங்கேயே நின்றுவிடுகிறது. கேலிக் என்ற பழைய மொழி பேசும் மக்கள் இருந்த அந்தக் கடலோரங்களில் ஒன்பதாம் நூற்றாண்டில் நார்வேக்காரர்கள் வந்து குடியேறினார்கள். பெண் கொடுத்தார்கள், எடுத்தார்கள். அயர்லாந்தின் ஆண்டுக் குறிப்புகளில் 856இலேயே 'அந்நியக் கேல்கள்' என்று ஒரு கூட்டம் வருகிறது. கேல் என்றால் கேலிக் பேசுபவர். அந்நியர், கேல், இரண்டும் ஒரே பெயரில்!

சொற்களும் கலந்தன. அங்கே ஜன்னலுக்கு 'உன்யக்' என்கிறார்கள். நார்வேக்காரர்களின் 'விண்டௌகா' அது. காற்றின் கண் என்று பொருள். நம் 'ஜன்னல்' போர்ச்சுகீசியர் கொண்டுவந்தது. அதை யாராவது வெளியூர்ச் சொல் என்கிறோமா? சொல்லுக்குக் கிடைத்த இடம் மனுஷனுக்குச் சீக்கிரம் கிடைப்பதில்லை. இன்று கேலிக் மொழி அதிகம் உயிரோடு இருப்பது அந்தத் தீவுகளில்தான். அந்த மொழியிலேயே அவற்றுக்கு இன்னும் 'அந்நியர் தீவுகள்' என்று ஒரு பெயர்.

1164இல் போரில் இறந்த சோமர்லெட் அங்கே பெரிய தலைவர். அப்பா பெயர் கில்லபிரிட்டே, சுத்தமான கேலிக். இவர் பெயரோ 'கோடைப் பயணி' என்று பொருள்படும் நார்வேப் பெயர். பிள்ளைகளில் ஒருவன் ஆங்கஸ், அது கேலிக். இன்னொருவன் ரக்னல், அது நார்வே. அப்புறம் டூகல். இதைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தேன். டூகல் என்றால் கேலிக்கில் 'கரிய அந்நியன்'. பெற்ற பிள்ளைக்கு ஆசையாக வைத்த பெயர்!

நாளை ஆசாரி வர்ணம் பூச வருகிறார். மிச்சமான தேக்குப் பலகையை இழைத்துத் தரச் சொல்லியிருக்கிறேன். வாசலில் மாட்ட வேண்டும், 'சொல்தா வீடு' என்று எழுதி.