கறுப்பு ஜோக்கர் வந்த கடைசி ஆட்டம்
நேற்று லெஸ்டரில் எட்டுப் பேர் கூடிய ஒரு சின்ன மாலிஃபோ போட்டியில் ஆடினேன். சிறு பொம்மைப் படைகளை மேசைமேல் மோதவிடும் ஆட்டம் இது. மூன்றடிக்கு மூன்றடி மேசை, ஆளுக்கு ஏழெட்டுப் பொம்மைகள். இந்த ஆட்டத்தில் தாயக்கட்டை கிடையாது, 54 சீட்டுகள்தான். புரட்டிய சீட்டு சரியில்லை என்றால் கையிலுள்ள ஆறில் ஒன்றை வைத்து மாற்றிக்கொள்ளலாம். எதைச் செலவழிப்பது, எதைக் காப்பது என்று மனம் அடித்துக்கொள்ளும். அதற்காகவே இது எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

மூன்றாவது ஆட்டத்தின் கடைசிச் சுற்று. கையில் 13 மதிப்புள்ள சீட்டைப் பத்திரமாக வைத்திருந்தேன். புரட்டினால் கறுப்பு ஜோக்கர்! மதிப்பு பூஜ்யம், மாற்றவும் முடியாது. எதிரில் இருந்தவரே தலையில் கை வைத்துவிட்டார். ஒரு புள்ளியில் தோற்றேன்.

அப்புறம் அரை மணி நேரம் அவருடைய பொம்மைகளை ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தேன். துருவுக்கு அவர் தீட்டியிருந்த அந்த ஆரஞ்சு வண்ணம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.