சீட்டு வந்தது, பணம் வரவில்லை

தென்னாப்பிரிக்காவில் தொழில் செய்கிற யாருக்கும் 'ப்ரூஃப் ஆஃப் பேமென்ட்' என்றால் விளக்கத் தேவையில்லை. பணம் அனுப்பியதும் வங்கி தருகிற ஒரு பக்கப் பிடிஎஃப் சீட்டு அது. அந்தச் சீட்டை நம்பித்தான், 23,400 ராண்டுக்கான வேலையை ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஒப்படைத்தேன்.

டர்பனில் சாட்ஸ்வொர்த்தில் வீட்டிலிருந்தே லோகோ, பை, டப்பா வடிவமைப்பது என் வேலை. வாடிக்கையாளர் இதே ஊரில் மசாலா விற்பவர். இணையத்தில்தான் என்னைப் பிடித்தார், முகம் பார்த்துப் பேசியதே இல்லை. இருவருக்கும் வெவ்வேறு வங்கி, அதனால் பணம் வர ஓரிரு நாள் ஆகும் என்று இருந்துவிட்டேன். திங்கள் வரவில்லை. செவ்வாயும் இல்லை. "வங்கியில் ஏதோ கோளாறு" என்றார். அப்புறம் போனையே எடுக்கவில்லை. ஒரு மாதம் கழித்து என் கணவர் மிளகாய்த்தூள் வாங்கி வந்தார். நான் வரைந்த பை!

ஒப்பந்தம் என்று ஒரு தாள்கூட என்னிடம் இல்லை. அதனால் வழக்குப் போட முடியாது என்றே நினைத்திருந்தேன். விவரம் தெரிந்த ஒரு அக்கா திருத்தினார். 2002-ஆம் ஆண்டின் மின்னணுத் தொடர்புச் சட்டப்படி மின்னஞ்சலில் ஒத்துக்கொண்டதும் ஒப்பந்தம்தான். "இந்த விலைக்கே செய்யுங்கள்" என்று மசாலாக்காரர் எழுதிய ஒற்றை வரி போதுமாம்.

இங்கே சிறு தொகை வழக்குகளுக்கென்றே ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட் என்று ஒன்று இருக்கிறது. வக்கீல் வைத்து வாதாட அனுமதி இல்லை, நம் வழக்கை நாமே சொல்ல வேண்டும். ஆனால் 20,000 ராண்டுக்கு மேல் கேட்க முடியாது. மேலே உள்ளதை விட்டுக்கொடுத்தால் வழக்கை எடுத்துக்கொள்வார்கள். 3,400 ராண்டை அங்கேயே விட்டேன், வயிறு எரிந்தது. நான் கம்பெனி பதிவு செய்து அதன் பெயரில் பில் போட்டிருந்தால் அந்த வாசலுக்கே போயிருக்க முடியாது. தனி ஆள்தான் அங்கே வழக்குப் போடலாம். எதிராளி கம்பெனியாக இருந்தால் பரவாயில்லை.

முதலில் பணம் கேட்டுக் கடிதம் கொடுத்து 14 நாள் அவகாசம் தர வேண்டும். நான் எழுதியது மூன்று பக்கப் புலம்பல். நீதிமன்ற எழுத்தர் சிரிக்காமல் படித்துவிட்டு, என்ன வேலை, எப்போது, எவ்வளவு, இது மட்டும் எழுதுங்கள் என்றார். அரைப் பக்கத்தில் முடிந்தது. பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்தினேன். பதில் இல்லை. சம்மனைக் கொண்டுபோய்க் கொடுக்கும் நீதிமன்ற அலுவலர் ஷெரிஃப். அவருக்குக் கட்டணம் கட்டி சம்மன் அனுப்பினேன்.

விசாரணையில்தான் அவர் முகத்தைப் பார்த்தேன். வடிவமைப்பு சரியில்லை, அதனால் தரவில்லை என்றார். வழக்கை விசாரித்த ஆணையர் கேட்டது ஒரே கேள்வி: "அப்படி ஒரு மின்னஞ்சலாவது எழுதினீர்களா?" நான் மின்னஞ்சல்களின் அச்சுப் பிரதி, அந்தச் சீட்டு, அந்த வாரத்து வங்கி அறிக்கை எல்லாவற்றையும் கொடுத்தேன். கடைசியாக மிளகாய்த்தூள் பையை மேசைமேல் வைத்தேன். நான்கு தவணையில் 20,000 கட்ட உத்தரவானது.

அதன்பிறகு முன்பணம் பாதி வராமல் கோடுகூடப் போடுவதில்லை. திருத்தம் இரண்டு முறை, அதற்கு மேல் தனிக் கட்டணம். பாக்கி கணக்கில் விழும்வரை குறுக்கே என் பெயர் போட்ட மங்கலான படம்தான் போகும். இன்னொரு வரியும் சேர்த்தேன்: முழுப்பணம் வந்தபின்தான் பதிப்புரிமை கைமாறும். இந்நாட்டுச் சட்டத்தில் பதிப்புரிமை வாய்வார்த்தையில் மாறாது, எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குமட்டும் தாளும் பேனாவும்தான். வெளிநாட்டு வாடிக்கையாளரை டர்பன் நீதிமன்றத்துக்கு இழுக்க முடியாதே. அவர்களிடம் வேலையை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் முன்னாலேயே பேபாலில் வாங்கி எஃப்.என்.பி. வங்கி வழியாக ராண்டாக எடுக்கிறேன்.

முதல் ஒப்பந்தத்தை அச்செடுத்தபோது கணவரின் பாட்டி எட்டிப் பார்த்தார். 1860-இல் தொடங்கிய ஒப்பந்தக் கூலிக் கப்பல்களில் ஒன்றில் வந்தவர்களின் வழிவந்தவர், அந்தச் சொல்லைக் கேட்டாலே முகம் சுளிப்பார். "கையெழுத்து நீ வாங்குறியா, போடுறியா?" என்றார். இரண்டும் என்றேன். நம்பினாரா தெரியவில்லை.

இதற்கிடையில் மூன்றாவது தவணை நாள் வந்தது. மசாலாக்காரரிடமிருந்து முதலில் வந்தது அதே பிடிஎஃப் சீட்டுதான். அன்று இரவு வங்கிச் செயலியை எத்தனை முறை திறந்து பார்த்தேனோ. பணம் மறுநாள் காலை விழுந்தது.