வாடகை பாக்கி வச்சுட்டு போனவரை தேடி நான் பட்ட பாடு

ஒரு திங்கக்கிழமை காலைல, எங்க மாடில வாடகைக்கு இருந்தவரோட பால்கனியை பார்த்தா துணி காயப்போடற கொடியை காணோம். "கொடியை கூட விடாம கழட்டிட்டு போயிருக்காருன்னா திரும்பி வர ஐடியாவே இல்லைங்க"ன்னு என் மனைவி சொன்னா, நான் நம்பல, சாயந்தரம் வரைக்கும் மாடிப்படியை பார்த்துட்டே உக்காந்திருந்தேன். நாலு மாச வாடகை, ரெண்டு மாச கரண்ட் பில், அட்வான்ஸை கழிச்சாலும் ரெண்டு மாச வாடகைக்கு மேல நிக்குது.

மொத வாரம் ஃபுல்லா நான் பண்ணது எல்லாமே தப்பு, அதனாலதான் இதை எழுதறேன். ஒரு நாளைக்கு பத்து தடவை போன் அடிச்சேன், வாட்ஸ்அப்ல ஒரே டிக்கோட நிக்குது, சரின்னு மனைவி போன்ல இருந்து அடிச்சேன், ரிங் போச்சு, என் குரலை கேட்டதும் கட். அதுக்கப்புறம் அந்த நம்பருக்கும் போகல. கோவத்துல ஃபேஸ்புக்ல அவர் போட்டோவை போட்டு நாலு வார்த்தை எழுதிடலாம்னு டைப் பண்ணி வச்சிருந்தேன், நல்லவேளை போஸ்ட் பண்றதுக்கு முன்னாடி வக்கீலா இருக்கற ஃப்ரெண்டுகிட்ட சொன்னேன். அவன் ஒண்ணே ஒண்ணு கேட்டான்: "உனக்கு ஆள் வேணுமா, அட்ரஸ் வேணுமா?"

எனக்கு அப்ப புரியல. ஆளை நேர்ல பிடிச்சு சட்டையை பிடிச்சா காசு வராது, நம்ம மேலதான் கேஸ் வரும். ஆனா நோட்டீஸ் போய் சேர்ற மாதிரி ஒரு அட்ரஸ் இருந்தா போதும், மத்ததை கோர்ட்டோ பேச்சுவார்த்தையோ பாத்துக்கும். போஸ்ட் போட்டு மானத்தை வாங்கினா அவர் அவதூறுன்னு நம்ம மேல திருப்புவாரு, பாக்கி வாங்கப்போன நாம வாய்தாவுக்கு அலையணும்.

தேட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு வேலை இருக்கு. ஒண்ணு, அவர் நிஜமாவே காலி பண்ணிட்டாரான்னு உறுதி பண்ணணும். வீடு காலியா தெரிஞ்சாலும் எழுத்துல சொல்லாம போயிருந்தா பல ஊர்ல சட்டப்படி அவர் இன்னும் குடியிருக்கறதா தான் கணக்கு, நாம அவசரப்பட்டு பூட்டை மாத்தி மிச்ச சாமானை தெருவுல வச்சோம்னா கதையே தலைகீழாயிடும். ரெண்டு சாட்சியோட போய், தேதி தெரியற மாதிரி போட்டோ, மீட்டர் ரீடிங், விட்டுட்டு போன சாமான் லிஸ்ட், எல்லாத்தையும் எடுத்து வைங்க. ரெண்டாவது கணக்கு. எந்த மாசம் எவ்வளவு வந்துச்சு, எவ்வளவு வரல, அட்வான்ஸ்ல எதுக்கு எவ்வளவு கழிச்சீங்க, எல்லாம் ஒரே பேப்பர்ல. எனக்கு இதை எழுதும்போதுதான் ஒரு விஷயமே தெரிஞ்சுது, அதை அப்புறம் சொல்றேன்.

ஓடிப்போனவங்களை தேடறதுக்கு இங்கிலீஷ்ல ஸ்கிப் ட்ரேசிங்னு ஒரு பேரே இருக்கு, வெளிநாட்டுல இதையே தொழிலா பண்றவங்க இருக்காங்க. ஆனா அவங்களும் பெரும்பாலும் நம்ம கைல இருக்கற பேப்பர்ல இருந்துதான் ஆரம்பிக்கறாங்க. குடி வரும்போது எழுதி வாங்கின ஃபார்ம், ஐடி காப்பி, வண்டி நம்பர், வேலை செய்யற இடம், பழைய வீட்டு ஓனர் நம்பர், அவசரத்துக்கு கூப்பிட ஒரு ஆள். என் ஃபார்ம்ல கடைசி கட்டம் காலி, "அப்புறம் தர்றேன் சார்"னு சொன்னாரு, நானும் விட்டுட்டேன். பழைய ஓனர்னு குடுத்த நம்பர் அவரோட ஃப்ரெண்டாம், குடி வரும்போது நான் விசாரிச்சப்ப "தங்கமான மனுஷன் சார்"னு சர்டிபிகேட் குடுத்த அதே குரல்!

ஆபீஸுக்கு போன் பண்ணலாம், ஆனா அங்க வேலை செய்யறாரான்னு மட்டும்தான் கேக்கணும், பாக்கி கதையை ரிசப்ஷன்ல சொல்லக்கூடாது. அமெரிக்காவுல 1977ல வந்த கடன் வசூல் சட்டத்துல இது எழுத்துலயே இருக்கு, ஏஜென்சிக்காரங்க மூணாவது ஆள்கிட்ட இருப்பிடம் கேக்கலாம், இவர் கடன் வச்சிருக்காருன்னு வாயை திறக்கக்கூடாது. சொந்த பாக்கியை தானே வசூல் பண்ற ஓனருக்கு அந்த சட்டம் பொதுவா வராது, இருந்தாலும் எந்த ஊரா இருந்தாலும் நல்ல பழக்கம்தான். அவர் பசங்க ஸ்கூல் வாசல்ல போய் நிக்கறது, வயசான அப்பா அம்மாவை மிரட்டறது, இதெல்லாம் வேண்டவே வேண்டாம். ஒருத்தர் எனக்கு அப்படி ஐடியா குடுத்தாரு, அவர்கிட்ட இப்ப நான் பேசறதே இல்ல.

பக்கத்து வீட்டை குறைச்சு எடை போடாதீங்க. ராத்திரி சாமான் ஏத்தும்போது யாராவது ஒருத்தர் முழிச்சிருப்பாங்க, வண்டி பக்கவாட்டுல ட்ரான்ஸ்போர்ட் பேரும் நம்பரும் பெயிண்ட்ல எழுதியிருக்கும், கேமரா இருந்தா இன்னும் நல்லது. எனக்கு அது உதவல, வண்டி ஓனர் வேற யாருக்கோ வண்டியை வாடகைக்கு விட்டிருந்தாரு, அதோட முடிஞ்சுது.

லெட்டர் விஷயத்துல மட்டும் ரொம்ப ஜாக்கிரதை. அவர் பேருக்கு வர்ற கவரை பிரிக்காதீங்க, பல நாட்டுல அது குற்றம். கவர் மேல அனுப்புனவங்க பேரு இருந்தா பாத்துக்கோங்க, அப்படியே எடுத்து வைங்க இல்லன்னா போஸ்ட்மேன்கிட்ட திருப்பி குடுங்க. நீங்களும் அவருக்கு, நம்ம வீட்டு அட்ரஸா இருந்தாலும் பரவால்ல, ஸ்பீட் போஸ்ட் மாதிரி ரசீது கிடைக்கற தபால்ல நோட்டீஸ் அனுப்புங்க. புது அட்ரஸுக்கு மாத்தச் சொல்லி போஸ்ட் ஆபீஸ்ல எழுதி குடுத்திருந்தாருன்னா அது அவரை தேடிட்டு போயிடும், இல்லன்னா ஆள் இல்லைன்னு எழுதி திரும்பி வரும். வந்த கவரை பிரிக்காம வைங்க, நாளைக்கு கோர்ட்ல "நான் சொல்லிப் பார்த்தேன்"ங்கறதுக்கு அதுதான் சாட்சி.

ஆன்லைன்ல எல்லாருக்கும் தெரியற மாதிரி இருக்கறதை பாக்கறதுல தப்பில்ல, லிங்க்ட்இன்ல புது வேலையை பெருமையா போட்டிருப்பாங்க. பொய் அக்கவுண்ட் ஆரம்பிச்சு ஃப்ரெண்ட் ரிக்வெஸ்ட் குடுக்கறது வேற ரகம். அதே மாதிரி "போன் நம்பர் குடுங்க, லொகேஷன் எடுத்து தர்றேன்"னு வர்றவங்ககிட்ட காசு குடுக்காதீங்க. 2006ல அமெரிக்காவுல ஹெச்பி கம்பெனி விஷயம் வெடிச்சுதே, துப்பறியறவங்க வேற ஆள் மாதிரி நடிச்சு டைரக்டர்கள், பத்திரிகைக்காரங்களோட கால் லிஸ்ட்டை வாங்கிட்டாங்க, அதுல சேர்மன் பதவியே போச்சு. அவ்ளோ பெரிய கம்பெனிக்கே அந்த கதின்னா நமக்கு?

சரி, அந்த கணக்கு எழுதின கதைக்கு வர்றேன். பாங்க் ஸ்டேட்மெண்ட்டை மாசம் மாசமா பார்த்துட்டு வந்தா, முதல் எட்டு மாச வாடகை அவர் அக்கவுண்ட்ல இருந்து வரவே இல்ல, வேற ஒருத்தர் பேர்ல வந்திருக்கு. பணம் வந்துச்சுல்ல, நான் பேரை எங்க பார்த்தேன்! பாங்க்ல கேட்டா சொல்ல மாட்டாங்க, சொல்லவும் கூடாது. ஆனா இந்த பேரை எங்கயோ பார்த்திருக்கோமேன்னு ரெண்டு நாள் மண்டையை குடைஞ்சு, கடைசில வாடகை அக்ரிமெண்ட்டை எடுத்தா, சாட்சி கையெழுத்துல அதே பேரு, கீழ முழு அட்ரஸ். அவரோட மச்சான். கையெழுத்து போட்ட அன்னையில இருந்து என் பீரோவுலயே தான் இருந்திருக்கு, நான் வெளிய தேடிட்டு இருந்திருக்கேன்.

ஃப்ரெண்டு சொன்ன மாதிரி மச்சானுக்கு நாலே வரில லெட்டர் போட்டேன். பாக்கி பத்தி ஒரு வார்த்தை இல்ல, "அவர் பேருக்கு சில தபால் வந்திருக்கு, எந்த அட்ரஸுக்கு அனுப்பணும்?" அவ்வளவுதான். பொய் இல்ல, நிஜமாவே மூணு கவர் இருந்துச்சு.

ஆறாவது நாள் அவரே போன் பண்ணாரு. "சார், மச்சானுக்கெல்லாம் எதுக்கு சார் எழுதறீங்க?"ன்னு ஆரம்பிச்சு, வேலை போன கதை, நாலு மாசமா என் முகத்தை பாக்க முடியாம ராத்திரி பத்து மணிக்கு மேல வீட்டுக்கு வந்த கதை. எனக்கும் கொஞ்சம் இறங்கிடுச்சு, ஆனா இறங்கினதோட விடல. பாக்கி இவ்வளவு, மாசம் இவ்வளவு தர்றேன்னு எழுதி கையெழுத்து வாங்கிட்டேன், புது அட்ரஸோட. இது முக்கியம், ஏன்னா வாடகை பாக்கிக்கு கேஸ் போட காலக்கெடு இருக்கு, இந்தியாவுல 3 வருஷம், இங்கிலாந்துல 6 வருஷம், ஒவ்வொரு ஊருக்கும் வேற வேற. கெடு முடியறதுக்கு முன்னாடி கடனை ஒத்துக்கிட்டு அவர் எழுதி கையெழுத்து போட்டா இந்த ரெண்டு நாட்டுலயும் கெடு அந்த தேதில இருந்து புதுசா ஆரம்பிக்கும்.

அட்ரஸே கிடைக்கலன்னா என்ன? கோர்ட்ல அனுமதி வாங்கி அவர் கடைசியா இருந்த வீட்டு கதவுல சம்மனை ஒட்டறது, பேப்பர்ல விளம்பரம் குடுக்கறதுன்னு வழி இருக்கு, ஆனா பாக்கி சின்னதா இருந்தா செலவை கூட்டிப் பாருங்க. தீர்ப்பு கைல இருந்தாலும் அவர்கிட்ட எடுக்க ஏதாவது இருக்கணும்ல. ஏஜென்சிகிட்ட குடுத்தா வசூல்ல ஒரு பங்கு போகும். சில சமயம் சும்மா இருந்தாலே வந்துடும், அடுத்த வீடு பாக்கறப்ப அந்த ஓனர் நமக்கு போன் பண்ணி எப்படிப்பட்டவர்னு கேப்பாரு. அப்ப நடந்ததை மட்டும் சொல்லுங்க, கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

போன வாரம் நாலாவது தவணை வந்துச்சு, இன்னும் ரெண்டு இருக்கு. அந்த கொடியையும் கேளுங்கன்னு இவ சொல்லிட்டே இருக்கா, அது நாங்க வாங்கி கட்டினதாம். ஆறாவது தவணை வரட்டும், அப்புறம் கேக்கலாம்னு இருக்கேன்.