ஸ்பிரிங் மாற்றிய பிறகு வந்த கிறீச் சத்தம்

என் ஸ்விஃப்ட் காரின் ஸ்பிரிங்கை மாற்றி உயரத்தைத் தாழ்த்த வேண்டும் என்பது இரண்டு வருட ஆசை. வீடு கடலூர் முதுநகரில், வேலை புதுச்சேரியில். கன்னியக்கோயில், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று தினமும் அதே ரோடு. வளைவில் வண்டி சாய்வது குறைய வேண்டும், டயருக்கு மேலே தெரியும் அந்த இடைவெளியும் அடைபட வேண்டும்.

முதலில் விசாரித்த இடத்தில், “எதுக்கு தம்பி செலவு, இருக்கிற ஸ்பிரிங்லயே ஒரு சுத்து வெட்டிடலாம்” என்றார்கள். தயவுசெய்து இதற்கு மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். வெட்டிய முனை, ஸ்பிரிங்கைத் தாங்கும் கப்பில் ஒழுங்காக உட்காராது. பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் இடம் மாறிவிடலாம். நான் என் மாடலுக்கென்றே வரும் 35 மி.மீ. இறக்கும் செட்டை வாங்கினேன்.

ஒர்க்‌ஷாப்பில் கை வைப்பதற்கு முன், சக்கரத்தின் நடுவிலிருந்து அதற்கு மேலே இருக்கும் ஃபெண்டர் தகட்டின் விளிம்பு வரை நான்கு பக்கமும் டேப்பில் அளந்து எழுதிக்கொண்டேன். பின்னால் என்னைக் காப்பாற்றியது அந்தத் துண்டுச் சீட்டுதான்.

கடலோரத்தில் நிற்கிற வண்டியை உப்புக்காற்று சும்மா விடுமா? முன்பக்கம் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த ஸ்ட்ரட்டை, சக்கரத்தைத் தாங்கும் நக்கிளோடு பிடிக்கும் போல்ட் இரண்டும் துருவேறி இறுகியிருந்தன. துரு இளக்கும் ஸ்பிரேயை அடித்து, ஊறவிட்டு, மறுபடி அடித்து, அவற்றை எடுக்கவே அரை நாள் போனது. அதற்கப்புறம்தான் பயமான வேலை. ஸ்பிரிங்கின் இரண்டு பக்கமும் அதை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஸரை மாட்டி, இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி இறுக்கினார்கள். ஸ்பிரிங் கப்பை விட்டு விலகி, கையால் சுற்றும் அளவுக்குத் தளர்ந்த பிறகுதான் மேல் நட்டைத் தொட்டார்கள். அதற்கு முன் நட்டைக் கழற்றினால் ஸ்பிரிங் துப்பாக்கிக் குண்டு மாதிரி பாயும். பிரித்ததோடு, ஸ்ட்ரட்டின் மேல் முனையைப் பாடியோடு பிடிக்கும் மவுண்ட், பேரிங்கையும் புதிதாகப் போட்டுவிட்டேன்.

சாயங்காலம் வண்டி கைக்கு வந்தது. வேகத்தடையில் ஏறி இறங்கினால் பின்பக்கம் கிறீச். வீட்டில் டேப்பை எடுத்தேன். முன்னால் 34 மி.மீ. இறங்கியிருந்தது, பின்னால் 22 தான். ஸ்பிரிங் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

ஒரு வாரம் கழித்து வேறொரு மெக்கானிக் அண்ணனிடம் காட்டினேன். அடியில் படுத்துப் பார்த்தவர், “ஸ்பிரிங்ல ஒண்ணும் இல்ல தம்பி, புஷ் முறுக்கிக்கிட்டு நிக்குது” என்றார். பின் சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் பீமை பாடியோடு பிடிக்கும் இடத்தில் இருக்கும் ரப்பர் புஷ், போல்ட்டை எந்த உயரத்தில் முடுக்குகிறோமோ அந்த உயரத்தையே தன் இயல்பு நிலையாக வைத்துக்கொள்ளும். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது முடுக்கினால், வண்டியைத் தரையில் இறக்கியதும் ரப்பர் முறுக்கேறி எதிர்த்துத் தள்ளும். சத்தமும் வரும், சீக்கிரம் கிழிந்தும் போகும். நான்கு சக்கரமும் ராம்பில் பாரத்தோடு நிற்க, பீம் போல்ட்டையும் ஷாக் அப்சார்பரின் அடி போல்ட்டையும் தளர்த்தி, பின்பக்கத்தை இரண்டு மூன்று முறை அழுத்திவிட்டு மறுபடி முடுக்கினார். இப்போது பின்பக்க இறக்கம் 31 மி.மீ. சத்தம் அன்றோடு நின்றது. ஸ்பிரிங் மாட்டிய இடத்திலேயே ஒரு கால் மணி நேரம் கூடுதலாகச் செலவழித்திருந்தால் போதும். அந்த ஆதங்கம் இன்னும் போகவில்லை.

அப்புறம் வீல் அலைன்மென்ட். தாழ்த்தினால் டோ, அதாவது சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம், கட்டாயம் மாறும், அப்படியே விட்டால் டயரின் உள்பக்கம் தேய்ந்துவிடும். ஹெட்லைட் உயரத்தையும் சரி செய்தேன். இன்சூரன்ஸுக்கு எழுத்தில் தெரிவித்தேன்.

இப்போது வளைவில் வண்டி அப்படியே ரோட்டைப் பிடித்துக்கொண்டு போகிறது. பின் சீட்டில் அம்மாவுக்குக் கொஞ்சம் தூக்கிப் போடுகிறது, அதை மறைக்க மாட்டேன். நாலு பேர் ஏறினால் பெரிய வேகத்தடைகளில் சாய்வாக ஏற்றி, ஒவ்வொரு சக்கரமாக இறக்குகிறேன்.