காலை நிகழ்ச்சியில் ஓர் அவமதிப்பு: டர்பன் பக்கத்திலிருந்து புகார் அனுப்பிய அனுபவம்

தென்னாப்பிரிக்காவில் வானொலியிலோ டி.வி.யிலோ யாராவது ஓர் இனத்தையோ பெண்களையோ கேவலமாகப் பேசினால் எங்கே முறையிடுவது என்று ஒரு தோழி கேட்டாள். வாட்ஸ்அப்பில் பதில் எழுத ஆரம்பித்தேன், நீண்டுகொண்டே போனது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

2022 ஏப்ரல் வெள்ளத்தில் எங்கள் மாகாணமான குவாசுலு-நட்டாலில் 400 பேருக்கு மேல் இறந்தார்கள். டர்பனுக்கு வடக்கே இருக்கும் எங்கள் ஊர் டோங்காட்டில் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி, மாதக்கணக்கில் குழாயில் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. தண்ணீர் லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. என் கணவரின் சின்னம்மா பொறுக்க முடியாமல், ஒரு வானொலியின் காலை நிகழ்ச்சிக்குப் போன் போட்டார். தன் பெயரையும் தெருவையும் சொல்லி, வாளியோடு நின்ற கதையைச் சொன்னார். தொகுப்பாளர் 'ம்ம், ம்ம்' என்று கேட்டுவிட்டு இணைப்பைத் துண்டித்தார். அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. சின்னம்மாவின் உச்சரிப்பை அப்படியே இழுத்து இழுத்துப் பேசிக் காட்டினார். "இந்த ஆன்ட்டிகளுக்குத் தண்ணீர் எதற்கு? புருஷன் கடையில் பாட்டில் பாட்டிலாக அடுக்கி வைத்து இரட்டை விலைக்கு விற்பானே. கறிச்சட்டி கழுவ வழியில்லை, அதற்குத்தான் இவ்வளவு கூச்சல்." கூட இருந்தவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

சின்னம்மாவின் புருஷனுக்குக் கடை எதுவும் கிடையாது. அவர் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

தொகுப்பாளர் எந்த இனம் என்று பலரும் கேட்கிறார்கள். புகாரில் நாங்கள் அதை எழுதவில்லை, இங்கேயும் எழுதப்போவதில்லை. முன்னாள் அதிபர் ஜூமா சிறைக்குப் போனதையொட்டி வெடித்த 2021 ஜூலை கலவரம் முடிந்து ஒரு வருடம்கூட ஆகாத நேரம் அது. டர்பன் பக்கம் இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் ஃபீனிக்ஸில் 30க்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் கருப்பினத்தவர், கொல்லப்பட்ட காயம் ஆறவில்லை. கருப்பினத்தவரும் இந்திய வம்சாவளியினரும் ஒருவரையொருவர் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இப்போது போய் இதைக் கிளறணுமா?" என்று என் கணவர் கேட்டார். நியாயமான கேள்விதான். சின்னம்மாவுக்குத் தேவாரம் பாட வரும், தமிழ் பேச வராது, அதனால் ஆங்கிலத்தில்தான் பதில் சொன்னார்: "என்னைத்தானே பேசினான்? நான் கேட்கிறேன்." அதோடு பேச்சு முடிந்தது. எழுதும் வேலை எனக்கு வந்தது.

முதலில் எங்கே போவது என்ற குழப்பம். மூன்று வழிகள் கண்ணில் பட்டன. ஒன்று, மனித உரிமைகள் ஆணையம். அதற்கு டர்பனில் அலுவலகம் உண்டு, கட்டணம் கிடையாது. இன்னொன்று, சமத்துவ நீதிமன்றம். 2000ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தின்கீழ் மாஜிஸ்திரேட் நீதிமன்றங்களே இந்த வேலையையும் செய்கின்றன. வக்கீல் வைக்காமலே போகலாம். ஆனால் நீதிமன்றப் படி ஏற சின்னம்மாவுக்கு மனமில்லை. மூன்றாவது, ஒலிபரப்புப் புகார் ஆணையம். எல்லாரும் பி.சி.சி.எஸ்.ஏ. என்பார்கள். 1993இல் ஒலிபரப்பாளர்களின் தேசியச் சங்கம் அமைத்தது இது. அதாவது புகார் யார்மேலோ, அவர்களே உண்டாக்கிய அமைப்பு. இதைப் படித்ததும் எனக்கு நம்பிக்கை பாதியாகக் குறைந்தது. ஆனாலும் அதன் பழைய தீர்ப்புகள் இணையத்தில் கிடக்கின்றன. படித்துப் பார்த்தால் நிலையங்களைக் குட்டிய தீர்ப்புகளும் இருக்கின்றன. சரி, இதையே பார்க்கலாம் என்று முடிவு செய்தோம்.

இங்கே ஒரு கெடு உண்டு. ஒலிபரப்பான 30 நாளுக்குள் புகார் போய்ச் சேர வேண்டும். நிலையத்தின் பெயர், நிகழ்ச்சி, தேதி, நேரம், என்ன சொன்னார்கள் என்பது எல்லாம் வேண்டும். பணம் கட்ட வேண்டாம். ஒலிப்பதிவு நம் கையில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அதை நிலையத்திடமிருந்து ஆணையம் வாங்கிக்கொள்ளும். ஆனால் நேரம் சரியாக இருக்க வேண்டும். சின்னம்மாவின் போனில் அழைப்பு விவரம் அப்படியே இருந்ததால் அந்தக் கவலை இல்லை.

உண்மையான வேலை அடுத்துதான் வந்தது. சின்னம்மா கையால் எழுதித் தந்த நான்கு பக்கத்தில் வெள்ளக்காரன் காலத்துக் கரும்புத் தோட்டம் முதல் நகராட்சி வரை எல்லாம் இருந்தது. படிக்கும்போது எனக்கே கண் கலங்கியது. ஆனால் எங்களுக்கு எவ்வளவு வலித்தது என்பதை மட்டும் வைத்து ஆணையத்தால் தீர்ப்பு எழுத முடியாது. ஒலிபரப்பாளர்களுக்கான நடத்தை விதிகளில் எது மீறப்பட்டது என்றுதான் பார்ப்பார்கள்.

எல்லாருக்கும் முதலில் தோன்றுவது வெறுப்புப் பேச்சு என்ற விதி. நானும் அதைத்தான் எடுத்துப் படித்தேன். இனம், மதம், பாலினம் போன்றவற்றின் அடிப்படையில் வெறுப்பைப் பரப்பினால் மட்டும் போதாது, அது தீங்கு செய்யத் தூண்டுவதாகவும் இருக்க வேண்டும் என்கிறது அது. இந்த வாசகம் அரசியலமைப்பில் பேச்சுரிமை பற்றிய 16ஆவது பிரிவிலிருந்து வந்தது. முன்பு விதி இவ்வளவு குறுகலாக இல்லை. மக்கள் பிரிவுகளுக்கிடையே உறவைக் கெடுக்கக்கூடிய எதையும் ஒலிபரப்பக்கூடாது என்று இருந்தது. கேப் டவுனின் ரேடியோ 786 நிலையம் 1998இல் ஒலிபரப்பிய ஒரு நிகழ்ச்சி வழக்காகி, அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போனது. அந்த விதி பேச்சுரிமையை அளவுக்கு மீறி நெரிக்கிறது என்று 2002இல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. யோசித்துப் பார்த்தால் அதுவும் சரிதான். பழைய விதி இருந்திருந்தால் நகராட்சியைத் திட்டிய சின்னம்மாவின் பேச்சைக்கூட யாராவது புகாராக்கியிருக்கலாம்.

அதே 2002இல் எங்கள் ஊர்க்காரர்கள் யாரும் மறக்காத இன்னொரு விவகாரம் நடந்தது. நாடகாசிரியரும் இசையமைப்பாளருமான ம்போங்கெனி ங்கேமா இந்தியர்களைப் பற்றி இயற்றிய 'அமாண்டியா' என்ற ஜூலு பாடலை, ஜூலு மொழி வானொலியான உக்கோசி எஃப்.எம். ஒலிபரப்பியது. மனித உரிமைகள் ஆணையம் புகார் கொடுத்தது. அது வெறுப்புப் பேச்சுதான் என்று பி.சி.சி.எஸ்.ஏ. தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பை வைத்து எங்கள் விஷயத்தை அளந்து பார்த்தேன். அங்கே ஒரு முழு இனத்தையே எதிரியாகக் காட்டிக் கொதிப்பேற்றும் பாட்டு. இங்கே மட்டமான நக்கல். கேவலம்தான், ஆனால் யாரையாவது அடிக்கக் கிளப்பிவிடுகிறதா என்று கேட்டால், நேர்மையாக ஆமாம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அப்போதுதான் 15ஆவது விதி கண்ணில் பட்டது. தனிமனிதர்களின் அந்தரங்கம், கண்ணியம் சம்பந்தப்பட்ட இடங்களில் ஒலிபரப்பாளர் மிகுந்த கவனம் எடுக்க வேண்டும் என்று அது சொல்கிறது. பொதுநலன் இருந்தால் விலக்கு உண்டு. சின்னம்மா பெயரும் தெருவும் சொல்லிப் பேசியவர். கேட்ட ஊருக்கெல்லாம் அது யார் என்று தெரியும். அவரைப்போல் பேசிக் காட்டி, அவர் கணவரைக் கொள்ளை விலை வியாபாரி ஆக்கியதில் என்ன பொதுநலன்? இனத்தின் மானத்தைவிட்டு ஒரு பெண்ணின் மானத்தை முன்னால் வைத்து எழுதினேன். வெறுப்புப் பேச்சையும் இரண்டாவதாகச் சேர்த்தோம், சின்னம்மா விடவில்லை. நான்கு பக்கம் ஒன்றரைப் பக்கமானது. புகார்தாரர் அவர்தான், கையெழுத்தும் அவருடையது. இந்த விதிக்குப் பாதிக்கப்பட்டவரே முன்வருவது எவ்வளவு பலம் என்பதை அப்புறம்தான் உணர்ந்தோம்.

நிலையத்தின் பதில் வந்தது. வக்கீல் எழுதிய நடை. இது நகைச்சுவை நிகழ்ச்சி, நேயர்கள் இந்தத் தொகுப்பாளரின் பாணிக்குப் பழகியவர்கள், 'யாராவது புண்பட்டிருந்தால்' வருந்துகிறோம், இவ்வளவுதான் சாரம். அந்த 'இருந்தால்' எனக்கு மகா எரிச்சல். யார் புண்பட்டார் என்று மேலே பெயர் போட்டு எழுதியிருக்கிறோமே! இந்த இடத்தில் திருப்தி என்று சொல்லிவிட்டால் விஷயம் முடிந்துவிடும். பெரும்பாலான புகார்கள் இங்கேதான் சோர்ந்து உதிரும் என்று நினைக்கிறேன். நாங்கள் சுருக்கமாக மறுப்பு எழுதினோம்: அவர் நகைச்சுவைக்காக அழைக்கவில்லை, தண்ணீர் இல்லை என்று சொல்ல அழைத்தார். இணைப்பைத் துண்டித்த பிறகு பேசியதால் அவரால் பதில் சொல்லவும் முடியவில்லை. இந்தக் கடைசி வரி என் கணவருடையது. விடு என்று சொன்ன அதே மனிதர்.

அப்புறம் காத்திருப்பு. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. விசாரணைக்கு யாரும் நேரில் போகவில்லை, எல்லாம் எழுத்திலேயே முடிந்தது.

தீர்ப்பு பாதிக்குப் பாதி. வெறுப்புப் பேச்சு என்ற வாதம் தள்ளுபடி. பேச்சு அருவருப்பானது என்று ஒப்புக்கொண்டார்கள், ஆனால் தீங்கு செய்யத் தூண்டவில்லை என்றார்கள். கண்ணிய விதி மீறப்பட்டது என்று ஏற்றார்கள். நிலையத்துக்குக் கண்டனம், அதோடு தீர்ப்பின் சுருக்கத்தை அதே காலை நேரத்தில் வாசிக்க உத்தரவு. அபராதம் போடும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு, எங்கள் விஷயத்தில் போடவில்லை.

பெண்களைப் பற்றிய பகுதியை அவர்கள் தனியாக எடுத்துப் பேசவே இல்லை என்பது என் மனக்குறை. கறிச்சட்டிப் பேச்சு இனம் சார்ந்ததா, பெண் சார்ந்ததா? இரண்டும்தான். ஒரு வெள்ளைக்காரரோ கருப்பினத்தவரோ, ஏன் எங்கள் தெரு ஆம்பிளையோ தண்ணீர் கேட்டு அழைத்திருந்தால் சட்டி கழுவும் பேச்சு வந்திருக்குமா? விதிப்புத்தகத்தில் இனம் ஒரு சொல், பாலினம் ஒரு சொல். இரண்டும் ஒரே வாக்கியத்தில் பின்னிக்கொண்டு வரும்போது அதைப் பிடிக்க எங்களுக்கும் தெரியவில்லை, அவர்களும் முயலவில்லை.

அறிவிப்பை வாசித்தார்கள், மடமடவென்று, விளம்பரத்துக்கு முன்னால். தொகுப்பாளர் இன்னும் அதே நிலையத்தில்தான் இருக்கிறார். சின்னம்மா அபராதம் போடாததை இன்னும் ஏற்கவில்லை. எனக்கு அந்த வாசிப்பு போதும் என்று தோன்றியது. எங்கள் வீட்டில் இதில் ஒருமித்த கருத்து கிடையாது.

தோழியின் கேள்விக்கு வருகிறேன். முதலில் அந்த நிலையம் பி.சி.சி.எஸ்.ஏ.வின் விதிகளை ஏற்றதா என்று பார். ஏற்காத நிலையம் என்றால் ஒலிபரப்பு உரிமம் தரும் இகாசாவின் புகார்க் குழுவுக்குத்தான் போக வேண்டும். பேச்சு வந்த தேதியையும் மணியையும் உடனே எங்காவது குறித்து வை, 30 நாள் சீக்கிரம் ஓடிவிடும். அனுப்புவதற்கு முன்னால் எனக்கு ஒரு தடவை காட்டு, எந்த விதி என்று சேர்ந்து பார்ப்போம்.