முதல் பக்கத்தில் இருந்த 110/70

30-வது வார செக்கப்புக்கு நான் போகவில்லை. 32-வது வாரத்தையும் தள்ளிப்போட்டேன். உடம்பு நன்றாக இருந்தது, குழந்தை நன்றாக உதைத்தது, வேலையில் நெருக்கடி. அடுத்த முறை சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

கால் வீங்கியிருந்தது. மாசமாக இருந்தால் வீங்கத்தான் செய்யும் என்றார்கள், நானும் நம்பினேன். ஆனால் ஒரே வாரத்தில் முகம் உப்பியதையும், மோதிரம் கழலாமல் போனதையும் அதே கணக்கில் சேர்த்துவிட்டேன். அப்புறம் இரண்டு நாள் விடாத தலைவலி. மூன்றாம் நாள் இரவு கண் முன்னால் புள்ளி புள்ளியாக ஏதோ மின்னியது. வலப்பக்க விலாவுக்குக் கீழே வலி. வாயுப் பிடிப்பு என்று வெந்நீர் குடித்துவிட்டுப் படுக்கப் போனேன். கணவர்தான் விடவில்லை.

மருத்துவமனையில் பிபி 164/112. கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தார்கள், இறங்கவில்லை. யூரினில் புரதம் இருந்தது. ப்ரீ-எக்ளாம்ப்சியா, அதாவது கர்ப்பத்தில் பிபி ஏறி உறுப்புகளையும் பாதிக்கும் நோய், அதுவும் தீவிரமான நிலை என்றார் டாக்டர். என் செக்கப் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். 9-வது வாரத்தில் 110/70. 28-வது வாரத்தில் 128/82. அதிக பிபி என்று கணக்கிடும் 140/90-ஐத் தொடாததால் அன்று யாரும் கவலைப்படவில்லை. ஆனால் என் அளவில் அது ஏற்றம். முதல் பக்கத்தில் அந்த 110/70 இருந்ததால்தான், இது பழைய ரத்த அழுத்தம் இல்லை, கர்ப்பத்தில் வந்தது என்று உடனே சொல்ல முடிந்ததாம்.

பிபியைக் குறைக்க ஒரு மருந்து. அதோடு மெக்னீசியம் சல்பேட். அது பிபிக்கு இல்லை, வலிப்பு வராமல் இருக்க. அந்த மருந்து ஏறத் தொடங்கியதும் உடம்பு முழுக்க அனல் பரவியது. மணிக்கொரு தரம் நர்ஸ் முழங்காலில் தட்டிப் பார்ப்பார், மூச்சை எண்ணுவார், எவ்வளவு சிறுநீர் போயிருக்கிறது என்று அளப்பார். எதற்கு என்று கேட்டேன். மருந்து அளவு மீறினால் முதலில் தட்டும்போது கால் துடிப்பதுதான் நின்றுபோகும், மாற்று மருந்து பக்கத்திலேயே இருக்கிறது, பயப்படாதீர்கள் என்றார். அந்த ராத்திரியில் எனக்குத் தைரியம் தந்தது அந்த விளக்கம்தான்.

குழந்தையின் நுரையீரலுக்காக ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். 24 மணி நேரம் கழித்து இரண்டாவது போட வேண்டும். அதற்கு நேரம் கிடைக்கவில்லை. காலையில் ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் 62,000-க்கு இறங்கியது, கல்லீரல் அளவுகள் ஏறியிருந்தன. ஹெல்ப் (HELLP) சிண்ட்ரோம், அதாவது ரத்த அணுக்களும் கல்லீரலும் பாதிக்கப்படும் ஆபத்தான நிலை என்றார்கள். குழந்தையை வெளியே எடுப்பதுதான் வழி. பிளேட்லெட் குறைவு என்பதால் முதுகில் ஊசி போடாமல் முழு மயக்கம் கொடுத்து சிசேரியன் செய்தார்கள். மகளின் முதல் அழுகையை நான் கேட்கவில்லை. மறுநாள் வரை மெக்னீசியம் ஓடியது, அவள் வேறு தளத்தில் இன்குபேட்டரில் இருந்தாள். கணவர் போனில் எடுத்துக்காட்டிய படத்தைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிரசவத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். ஐந்தாம் நாள் பிபி திரும்ப ஏறியது. பிரசவத்துக்குப் பிறகு ஆறு வாரம் வரைகூட இது வரலாம், தலைவலி என்றால் உடனே வந்துவிட வேண்டும் என்று சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். பெற்ற பிறகு எல்லோர் கண்ணும் குழந்தை மேல் போய்விடுகிறது. தாயின் பிபியையும் யாராவது பார்க்க வேண்டும்.

ஆறாவது வாரம் டாக்டரிடம் கேட்டேவிட்டேன்: 30-வது வாரம் வந்திருந்தால் இது வந்திருக்காதா? நேர்மையாகச் சொன்னார். "வந்திருக்கும். ஆனால் முன்னாடியே தெரிந்திருக்கும். ஊசி இரண்டையும் நிதானமாகப் போட்டிருக்கலாம்." அழுதேன். அவர் காத்திருந்தார். அப்புறம், அடுத்த முறை என்றால் கர்ப்பம் உறுதியானதுமே வரவேண்டும், 12 வாரத்தில் குறைந்த அளவு ஆஸ்பிரின் தொடங்க வேண்டும் என்று புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதிக் கொடுத்தார்.